டெலவேர் ஆற்றின் எந்தக் கரை? வாடகைக் கார் ஃபிரான்சைஸும் மாநிலச் சட்டங்களும்

என் மைத்துனர் இருபது வருடம் ஐ.டி.யில் உழைத்துச் சேர்த்த பணத்தைப் போட்டு வாடகைக் கார் ஃபிரான்சைஸ் ஒன்று, அதாவது ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயரில் கட்டணம் கட்டி நடத்தும் கடை, எடுக்க முடிவு செய்திருக்கிறார். எந்த பிராண்ட் என்பது முடிவாகிவிட்டது. எந்த இடம் என்பதில்தான் இழுபறி. நான்கு இடங்கள் கையில் இருந்தன. நியூ ஜெர்சியில் ட்ரென்டனை ஒட்டிய ஹாமில்டன் ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் மோரிஸ்வில் ஒன்று. மினசோட்டாவில் கல்லூரி நண்பர் கூட்டுக்கு அழைக்கும் இடம் மூன்றாவது. கலிஃபோர்னியாவில் உரிமையாளர் ஓய்வு பெறுவதால் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு பழைய கிளை நான்காவது.

அவர் எனக்கு அனுப்பிய எக்செல் தாளில் கடை வாடகை, இன்சூரன்ஸ், வரி, விமான நிலையம் எத்தனை மைல் என்று பதினைந்து வரிசை இருந்தது. மாநிலத்தின் ஃபிரான்சைஸ் சட்டம் என்று ஒரு வரிசை இல்லை. "ஒப்பந்தம் நாலு இடத்துக்கும் ஒண்ணுதானே அத்தான்" என்றார். அச்சடித்த ஒப்பந்தம் ஒன்றுதான். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அது நான்கு இடத்திலும் நான்கு ஒப்பந்தமாகிவிடும். நான் வழக்கறிஞன் இல்லை. ஃபிரான்சைஸ் கடைக்காரர்களுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். ஒரு கடை மூடும்போது கடைசிப் பக்கம் வரை கணக்கைப் பார்க்கிற ஆள் நான்தான் என்பதால், எந்த வரி யாரைக் காப்பாற்றியது, எந்த வரி இல்லாமல் யார் வீட்டை விற்றார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. அமெரிக்கா முழுவதற்கும் பொதுவாக மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் ஃபிரான்சைஸ் விதி 1979லிருந்து இருக்கிறது. 2007ல் அதைத் திருத்தினார்கள். அதன்படி, கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னால், 23 தலைப்புகள் கொண்ட தகவல் ஆவணத்தை, அதாவது எஃப்.டி.டி.யை, கம்பெனி உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது தகவல் சொல்ல வைக்கும் விதி மட்டுமே. "ஒரே வாரத்தில் உன்னை வெளியேற்றுவேன்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதை 17ஆவது தலைப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், விதி திருப்தியாகிவிடும். கம்பெனி விதியை மீறினால் நீங்களாக அந்த விதியைக் காட்டி வழக்குப் போடவும் முடியாது. ஆணையம்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மீதி எல்லாம் மாநிலத்தின் கையில். அதிலும் இரண்டு வகை உண்டு. விற்கும் நேரத்தில் பாதுகாப்பது ஒரு வகை: கம்பெனி மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்பது போன்றவை. 1971ல் கலிஃபோர்னியா தொடங்கி வைத்தது இது. இன்னொரு வகை, கையெழுத்துக்குப் பிறகு உங்களைப் பாதுகாப்பது: எப்போது ரத்து செய்யலாம், புதுப்பிக்க மறுக்கலாமா, கடையை வேறு ஆளுக்கு விற்கவிடாமல் தடுக்கலாமா என்று சொல்லும் உறவுச் சட்டங்கள். சில மாநிலங்களில் இரண்டும் உண்டு, சிலவற்றில் ஒன்று மட்டும், பலவற்றில் இரண்டும் இல்லை.

பதிவு கேட்கும் மாநிலங்களுக்காக எஃப்.டி.டி.யின் பின்பக்கத்தில் மாநில இணைப்பு என்று தனித்தனித் தாள்கள் இருக்கும். "மேலே ஒப்பந்தத்தில் என்ன சொல்லியிருந்தாலும், இந்த மாநிலத்தில் அது இப்படி மாறும்" என்று சொல்லும் தாள் அது. மைத்துனரின் ஆவணம் முந்நூறு பக்கத்துக்கு மேல். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனோம். கலிஃபோர்னியாவுக்கு இரண்டு பக்கம். மினசோட்டாவுக்கு ஒன்றரைப் பக்கம். மேரிலாண்ட், இல்லினாய், நியூயார்க் என்று வரிசையாக வந்தது. பென்சில்வேனியா இல்லை. நியூ ஜெர்சியும் இல்லை. "அப்ப ரெண்டு கரையும் ஒண்ணுதான்" என்றார் உடனே.

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். நியூ ஜெர்சியில் பதிவுச் சட்டம் கிடையாது, அதனால் இணைப்புத் தாள் இல்லை. ஆனால் உறவுச் சட்டம் உண்டு, அதுவும் நாட்டின் வலுவான சட்டங்களில் ஒன்று. தாளில் எழுதாவிட்டாலும் அது ஒப்பந்தத்தை மாற்றும். பென்சில்வேனியாவில் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

வாடகைக் கார் தொழிலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். சாண்ட்விச் கடை மூடினால் அடுப்பும் ஃப்ரிட்ஜும் மிஞ்சும். இங்கே மிஞ்சுவது கடனில் வாங்கிய கார்கள். 40 கார், ஒவ்வொன்றுக்கும் மாதத் தவணை 550 டாலர் என்று வையுங்கள், மாதம் 22,000 டாலர். பிராண்ட் பெயர் போன மறுநாளே ரிசர்வேஷன் நின்றுவிடும். தவணை நிற்காது. நாற்பது காரையும் அவசரத்தில் ஏலத்துக்கு அனுப்பினால் கடன் பாக்கிக்கும் கீழேதான் விலை போகும். இரண்டு மாதம் கிடைத்தால் ஒவ்வொன்றாக விற்கலாம், வேறு பிராண்டோடு பேசலாம், சொந்தப் பெயரில் நடத்த வழி பார்க்கலாம். பத்து நாளுக்கும் அறுபது நாளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே நேரடியாக டாலரில் தெரியும்.

மைத்துனரின் ஒப்பந்தத்தில் இருந்தது இதுதான்: பணம் கட்டத் தவறினால் 10 நாள், மற்ற குறைகளுக்கு 30 நாள், அதற்குள் சரிசெய்யாவிட்டால் ரத்து. வழக்கு என்றால் கம்பெனியின் சொந்த ஊர் நீதிமன்றத்தில், ஜூரி இல்லாமல். ரத்தானால் மீதி வருடங்களின் ராயல்டியை, அதாவது பிராண்டுக்காகக் கம்பெனிக்குத் தொடர்ந்து கட்டும் தொகையை, கணக்கிட்டு நஷ்ட ஈடாகக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் அவரை ஃபிரான்சைஸி என்று சொல்லவில்லை, லைசென்சி என்றுதான் சொல்கிறது. இந்தத் தொழிலில் பழைய வழக்கம் அது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிராண்ட் பெயர், கம்பெனியின் நடைமுறைக் கட்டுப்பாடு, கட்டணம் ஆகியவை இருக்கின்றனவா என்றுதான் பெரும்பாலான சட்டங்கள் பார்க்கும். நியூ ஜெர்சியின் வரையறையில் பொருளையோ சேவையையோ குத்தகை வழியாகச் சந்தைப்படுத்துவதும் சேர்ந்தே வருகிறது.

இனி இடங்கள். மோரிஸ்வில்லில் கடை வாடகை மலிவு. சட்டப் பக்கம் எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன ஒப்பந்தம் அப்படியே செல்லும். 1978ல் ஒரு பெட்ரோல் பங்க் வழக்கில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், ஃபிரான்சைஸ் கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது, நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்றது. அது ஒரு பிடிதான். ஆனால் ஒப்பந்தத்தில் 10 நாள் என்று தெளிவாக எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டு, நிஜமாகவே பணம் பாக்கி வைத்திருந்தால் அந்தப் பிடி எவ்வளவு தூரம் தாங்கும்? எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு தொழில், அந்தக் கரையில்தான் கடை வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூரியரில் நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம் முழுக்க அவர் வங்கியோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். அவருடைய கணக்குப் புத்தகம் என்னிடம் இருந்தது. லாபத்தில் ஓடிய கடை அது. இரண்டு மாதம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

"ட்ரென்டன் மேக்ஸ், தி வேர்ல்ட் டேக்ஸ்" என்று பெரிய எழுத்தில் எழுதிய பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சி. காரில் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் ஒப்பந்தம் என்னவாகிறது என்று பாருங்கள். 1971ஆம் ஆண்டின் ஃபிரான்சைஸ் நடைமுறைச் சட்டப்படி, நியாயமான காரணம் இல்லாமல் ரத்து செய்யவும் முடியாது, புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. நியாயமான காரணம் என்று அது ஏற்பது ஒன்றே ஒன்று: ஒப்பந்தக் கடமைகளை நீங்கள் பெருமளவில் நிறைவேற்றத் தவறியது. "இந்த ஊரில் நாங்களே நேரடியாக நடத்தப் போகிறோம்" என்பது காரணம் ஆகாது. பத்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் வளர்ந்த கடையைக் கம்பெனி எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் இந்தத் தொழிலில் உண்டு. ஒழுங்காக நடத்துகிற வரைக்கும் நியூ ஜெர்சியில் அந்தப் பயம் வேண்டாம். என்னைப் பொறுத்தவரை, சட்டத்தின் மற்ற எல்லாப் பிரிவையும் விட இது ஒன்றே பெரியது.

அப்புறம் 60 நாள் எழுத்து மூலமான நோட்டீஸ், காரணங்களோடு. நீங்களாகக் கடையைக் கைவிட்டாலோ தொழில் சம்பந்தமான குற்றத்தில் தண்டனை பெற்றாலோதான் அந்தக் கெடு சுருங்கும். கடையை வேறு ஒருவருக்கு விற்க எழுதிக் கேட்டால் கம்பெனி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் வாங்குபவரிடம் என்ன குறை என்று சொல்ல வேண்டும். பதிலே இல்லையென்றால் சம்மதம் என்று பொருள். வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவும் கிடைக்கும். வெளியூர் நீதிமன்றம் என்ற ஷரத்தைப் பற்றி நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1996ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது: இந்தச் சட்டத்துக்குள் வரும் ஒப்பந்தங்களில் அது செல்லாது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், செல்லும் என்றால் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 60 நாள் என்பது நோட்டீஸுக்கான காலம். குறையைச் சரிசெய்துவிட்டால் ரத்து தானாகவே செல்லாமல் போகும் என்று சட்டம் சொல்லவில்லை. பாக்கியைக் கட்டிவிட்டு, "பெருமளவில் நிறைவேற்றியிருக்கிறேன்" என்று நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். இரண்டு, இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதற்கு வாசற்படி உண்டு. கடை நியூ ஜெர்சியில் இருக்க வேண்டும், வழக்குக்கு முந்தைய 12 மாதத்தில் இரு தரப்புக்கும் இடையிலான வியாபாரம் 35,000 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும், உங்கள் மொத்த விற்பனையில் 20 சதவீதத்துக்கு மேல் இந்த ஃபிரான்சைஸிலிருந்து வர வேண்டும். கடைசி இரண்டும் மைத்துனருக்குப் பிரச்சினை இல்லை. முதலாவதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஏவிஸ் பட்ஜெட் குழுமத்தின் தலைமையகம் நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் இருக்கிறது. ஹெர்ட்ஸின் தலைமையகம் ஃப்ளோரிடாவின் எஸ்டெரோவில். கம்பெனி எங்கே இருக்கிறது, ஒப்பந்தம் எந்த மாநிலச் சட்டத்தைக் குறிப்பிடுகிறது என்பதைப் பார்த்து இந்தச் சட்டம் வராது. ஒப்பந்தத்தில் "நியூ ஜெர்சி சட்டம் பொருந்தும்" என்று எழுதியிருந்தாலும் மோரிஸ்வில் கடைக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கவுன்டர் எந்தக் கரையில் நிற்கிறது என்பதே கணக்கு.

மினசோட்டாவின் இணைப்புத் தாளை மைத்துனர் சத்தமாகப் படிக்கப் படிக்க ஒப்பந்தத்தின் முள் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ரத்து செய்ய 90 நாள் நோட்டீஸ், அதற்குள் குறையைச் சரிசெய்ய 60 நாள். புதுப்பிக்க மறுப்பதென்றால் 180 நாள் நோட்டீஸ், அதோடு ஓடுகிற தொழிலாக அதன் சந்தை மதிப்பை நீங்கள் மீட்டெடுக்கும் அளவுக்குப் போதுமான காலம் நடத்தியிருக்க வேண்டும். வழக்கை மினசோட்டாவுக்கு வெளியே நடத்தக் கட்டாயப்படுத்த முடியாது. ஜூரி உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. முன்கூட்டியே கணக்கிட்ட நஷ்ட ஈட்டுக்குச் சம்மதிக்கச் சொல்ல முடியாது. அதாவது மீதி வருட ராயல்டி என்ற அந்தப் பயங்கரமான பத்தி அங்கே அப்படியே விழுந்துவிடுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பணம் கட்டத் தவறியதற்கென்று தனியாக ஒரு குறுகிய கெடு அந்தச் சட்டத்தில் இல்லாததுதான். பிராண்டின் நற்பெயரைக் கடுமையாகப் பாதிக்கும் குறை என்றால் மட்டும் 24 மணி நேர நோட்டீஸ் போதும். மற்றபடி ராயல்டி பாக்கிக்கும் அதே 60 நாள். வாடகைக் கார் கடைகள் பெரும்பாலும் சிக்குவது ராயல்டி பாக்கியில்தான். ஜனவரி, பிப்ரவரியில் வாடகை படுத்துவிடும், கார் தவணை படுக்காது, முதலில் தள்ளிப்போவது ராயல்டி. அதனால் மாநிலங்களை ஒப்பிடும்போது "ரத்துக்கு எத்தனை நாள்" என்று மட்டும் கேட்காமல், "பணம் பாக்கி என்றால் எத்தனை நாள்" என்று தனியாகக் கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் கலிஃபோர்னியாவின் உண்மை முகம் தெரியும். வெளியே இருந்து பார்த்தால் பிரமாதமான சட்டம். 2016 ஜனவரி 1க்குப் பிறகு செய்த, புதுப்பித்த ஒப்பந்தங்களுக்கு, குறையைச் சரிசெய்யக் குறைந்தது 60 நாள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்த சட்டத்தில் 30 நாளுக்கு மேல் தர வேண்டியதில்லை. போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்து, ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கே பெரும்பாலும் செல்லாது. ரத்தானால் கம்பெனியிடமிருந்தோ அது அங்கீகரித்த சப்ளையரிடமிருந்தோ ஒப்பந்தப்படி வாங்கிய சரக்கையும் சாதனங்களையும் தேய்மானம் கழித்து அவர்களே திரும்ப வாங்க வேண்டும். கார்களை எந்த வழியில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது பெரிய விஷயமாகலாம், வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தகுதியுள்ள ஆளுக்கு விற்பதைத் தடுக்க முடியாது என்ற பிரிவும் இருக்கிறது. ஏற்கெனவே ஓடும் கிளையை வாங்கும் மைத்துனருக்கு அது நேரடியாக உதவும்.

ஆனால் அதே சட்டத்தில் 60 நாள் இல்லாமலே ரத்து செய்யக்கூடிய காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. தொடர்ந்து ஐந்து நாள் கடையை நடத்தாமல் விடுவது அதில் ஒன்று. இன்னொன்று, பணம் பாக்கி என்று எழுத்து மூலம் நோட்டீஸ் வந்து ஐந்து நாளில் கட்டாதது. மைத்துனரின் ஒப்பந்தமே 10 நாள் கொடுக்கிறது. சட்டம் அதைவிடக் குறைவாகத்தான் வற்புறுத்துகிறது. ஆக, பண விஷயத்தில் கலிஃபோர்னியா கடைக்காரரும் மோரிஸ்வில் கடைக்காரரும் கிட்டத்தட்ட ஒரே படகில்தான். விஸ்கான்சினிலும் இப்படி ஒரு பிரிவினை உண்டு: 1974ஆம் ஆண்டின் சட்டத்தில் மற்ற குறைகளுக்கு 90 நாள் நோட்டீஸ், 60 நாள் அவகாசம், பண பாக்கிக்கு 10 நாள்.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க் விற்கும் நேரத்தில் கடுமை காட்டும் மாநிலம், ரத்து பற்றிப் பொதுவான உறவுச் சட்டம் இல்லை. இணைப்புத் தாள் இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். இல்லினாயில் வெளி மாநில நீதிமன்றம் என்ற ஷரத்து செல்லாது, நியாயமான காரணம் வேண்டும், ஆனால் அவகாசம் 30 நாளுக்கு மேல் தர வேண்டியதில்லை. வாஷிங்டன் மாநிலம் புதுப்பிக்க மறுப்பதில் கெட்டி: ஒரு வருட நோட்டீஸும் கொடுத்து, போட்டித் தடையையும் கைவிட்டால்தான், உங்கள் தொழில் நற்பெயருக்கான ஈட்டுத் தொகையிலிருந்து கம்பெனி தப்பிக்க முடியும்.

மாநிலச் சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து, அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற வரி, இருந்தால் பாதி வேலி விழுந்துவிடும். 1984ல் செவன்-இலெவன் கடைக்காரர்கள் தொடர்ந்த வழக்கில், கலிஃபோர்னியாவின் ஃபிரான்சைஸ் முதலீட்டுச் சட்டத்தையே மத்திய நடுவர் தீர்ப்புச் சட்டம் தள்ளிவைக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியூர் நீதிமன்றம் செல்லாது என்று மாநிலம் சொன்னாலும், வெளியூர் நடுவர் என்றால் அது செல்லுபடியாகலாம். மைத்துனரின் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இல்லை என்பதை இரண்டு முறை தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

விமான நிலைய கவுன்டர் இன்னொன்று. அது விமான நிலைய நிர்வாகத்தோடு தனி ஒப்பந்தம், பெரும்பாலும் மொத்த வருமானத்தில் 10 சதவீத அளவில் கட்டணம். ஃபிரான்சைஸ் முடியும்போது அந்த உரிமையைக் கம்பெனி பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்ற பத்தி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாநிலச் சட்டம் பிராண்டைக் காப்பாற்றும் வரைதான் கவுன்டரும் உங்களுடையது.

கம்பெனியே விழுந்தால் என்ன? 2020 மே மாதம் ஹெர்ட்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டபோது என் வாடிக்கையாளர்கள் பலர் கேட்ட கேள்வி. அங்கே பேசுவது மத்திய திவால் சட்டம். ஆனால் 2019லேயே உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு கொடுத்திருந்தது: திவாலான கம்பெனி ஒப்பந்தத்தை உதறினாலும், அதனால் மட்டும் வர்த்தகச் சின்னத்தைப் பயன்படுத்தும் உங்கள் உரிமை போய்விடாது. ரிசர்வேஷன் அமைப்பு நின்றால் சின்னத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு கவலை.

சட்டத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மினசோட்டாவைச் சொல்வேன், குறிப்பாகப் பண பாக்கிக்கும் அந்த 60 நாள் இருப்பதால். ஆனால் மைத்துனரின் பெண் பதினோராம் வகுப்பு, வீடு பிளெயின்ஸ்பரோவில். கூட்டாளியை நம்பித் தூரத்தில் கடை நடத்துவது இந்தத் தொழிலுக்கு ஆகாது. கார்களைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாக் கிளைக்கு அந்த ஐந்து நாள் கெடுவோடு அவ்வளவு பெரிய விலை கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மோரிஸ்வில்லில் மாதம் மிச்சமாகும் வாடகை 1,100 டாலர். நாற்பது கார் தவணையை வைத்துப் பார்த்தால், வருடம் முழுக்க அப்படி மிச்சம் பிடித்தாலும் பதினெட்டு நாள் செலவுக்குத்தான் ஆகும்.

அதனால் ஹாமில்டன் என்று சொன்னேன். அங்கே ஓட்டை எங்கே என்று தெரிந்ததால் அதை மட்டும் அடைக்கப் பார்த்தோம். சட்டம் தராத அவகாசத்தை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும்படி கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டார்: பண பாக்கிக்கு 10 நாளுக்குப் பதில் 30 நாள், அதற்குள் கட்டிவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்று ஒரு வரி. நான்கு நாள் கழித்து பதில் வந்தது. 20 நாள், வருடத்துக்கு ஒரு முறை மட்டும். அந்த வரி ஒப்பந்தத்தின் திருத்தத் தாளில் ஏறிவிட்டதா என்று வக்கீல் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். 14 நாள் கணக்கு வரும் செவ்வாயோடு முடிகிறது.